பேயின் தலை அளவு

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வேதக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு எட்டு நிமிடம் பிந்திப் போனேன். குடை காற்றில் மடங்கிப் போச்சு. புதுக் குடை வாங்க வேண்டும்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. றெஜினாவும் மகளும் வழமையான மூலை மேசையில். நானும் போய் இருந்தேன். மூன்று மாதமாக இப்படித்தான் போய் இருக்கிறேன். சனமும் மூன்று மாதமாகப் பார்க்கிறது, பார்க்காத மாதிரி.

மகள் ஷரோனுக்கு ஒன்பது வயது. இதுவரை என்னிடம் பேசிய சொற்கள் மொத்தம்: ஹலோ, ஓகே, நோ தாங்க்யூ. இன்றைக்குத் தானாக நிமிர்ந்து கேட்டாள். அவள் கதைப்பது முக்கால்வாசி இங்கிலீஷ். இங்கே எழுதுவது என் தமிழில்.

"அங்கிள், நீங்கள் பேக்கரியிலை மாவாலை முதலை செய்தனீங்களாம். அம்மா சொன்னவ. உண்மையோ?"

"ஓம். முதலைப் பாண். ஒரு பிறந்தநாளுக்கு."

"அப்ப றப்பர்ப் பேய் முகமூடி ஒண்டு செய்ய ஏலுமோ? தலை முழுக்க மூடுறது. கடையில விக்கிறது வேண்டாம், அது எல்லாரிட்டையும் இருக்கு. ஹாலோவீனுக்கு வேணும்."

"ஏலும்" என்றேன்.

ஏலுமா என்று எனக்கே தெரியாது. ஆழம் பார்க்காமல் காலை விட்டாச்சு. ஆனால் அந்த நேரத்தில் அவள் கோபுரம் கட்டித் தரச் சொன்னாலும் ஏலும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் போன மாதம் றெஜினா சொன்னது இது: "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஒளிக்கேல்லை. ஆனா ஷரோன் ஓம் எண்டால்தான். அவளை நான் கேட்டுக் கரைச்சல் குடுக்கமாட்டன். அவளா வரவேணும்." பிள்ளைக்கு நாலு வயதில் தகப்பன் மாரடைப்பில் போனவர். தாய் சொல்வது நியாயம். எனக்கு நாற்பத்திநாலு. தங்கச்சிமார் கலியாணம், விசாப் பேப்பர், பேக்கரி என்று வயது போனது தெரியவில்லை. இந்தக் கதவும் சாத்தினால் வேறு கதவைத் தட்ட எனக்கு மனமில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். இரண்டு நாளாகப் பின்னேரம் முழுக்க போனில் முகமூடி வீடியோ. ஒரு வெள்ளைக்காரப் பெடியன் சொல்லித் தருகிறான். ஓட்டமும் கையாட்டமும். ஆறு தரம் நிறுத்திப் பார்த்தேன்.

விளங்கியது: களிமண்ணில் பேய்த் தலை செய்வது. அதன்மேல் பிளாஸ்டர் மா கரைத்து அப்பி, இரண்டு பாதியாக அச்சு எடுப்பது. களிமண்ணைத் தோண்டி எறிவது. அச்சுக்குள் றப்பர்ப் பாலை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தை வடிப்பது. காய்ந்ததும் உரிப்பது. கேட்க லேசு.

வாங்க:
- றப்பர்ப் பால், 2 லீற்றர்
- களிமண், 10 கிலோ
- பிளாஸ்டர் மா, பெரிய பை
- வாளி 2
- முகப்பவுடர் (உரிக்கும்போது ஒட்டாமலிருக்க)
- பெயின்ற், சிவப்பும் கறுப்பும்
- குடை
- பொறுமை

முதலாளி செல்வம் அண்ணை பட்டியலை எட்டிப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணம், வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயில். இங்கே ஃபாரஸ்ட் கேட் வட்டாரத்தில் பேக்கரி போட்ட நாளிலிருந்து நான் அவரோடுதான்.

"வேதக்காரர் பேயை ஓட்டுறவங்கள் எண்டுதானே கேள்வி. நீர் எப்ப செய்யத் தொடங்கினீர்?"

"ஒரு பிள்ளைக்கு அண்ணை."

"பிள்ளைக்கோ, தாய்க்கோ?"

றோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வானம் மப்பு. வேலை ஒரு மணிக்கு முடிந்தது.

ஷரோன் படம் வரைந்து தாய் மூலம் அனுப்பியிருக்கிறாள். கொம்பு 2. பல்லு 4. மூக்கு பெரிசு. மீசை 1. பேய்க்கு ஏன் மீசை என்று கேட்டு அனுப்பினேன். பதில்: "இருக்கத்தான் வேணும்."

தலை அளவு றெ. அனுப்பினாள். 53 செ.மீ. வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் சின்னச் சட்டியொன்றைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் களிமண் அப்பினேன். மா பிசைகிற கைக்கு மண் பிசைவது பெரிய வித்தையில்லை என்று நினைத்தேன். வித்தைதான். மா பொங்கும், வேகும்போது சின்னப் பிழையை மறைத்துவிடும். மண் வைத்தது வைத்தபடி. கன்னம் ஒன்று கூடினால் கூடினதுதான்.

நாலு மணித்தியாலம் போனது தெரியவில்லை. முதுகு நோ. சந்தோஷம். இப்படிச் சந்தோஷப்பட்டு எவ்வளவு காலம்!

படம் எடுத்து செல்வம் அண்ணைக்கு அனுப்பினேன். போன் எடுத்தே சிரித்தார்: "பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை தெரியும். பேய் பிடிக்க உம்மடை முகமாப் போனதை இப்பதான் பாக்கிறன்." கண்ணாடியில் பார்த்தேன். மூக்கு உண்மையில் கொஞ்சம் அப்படித்தான்.

பின்னேரம் கடைக்குப் போகும்போது றெ. ஓட்டுகிற பஸ் வருமட்டும் இரண்டு பஸ்ஸை விட்டேன். ஓட்டுகிறவரோடு கதைக்கக் கூடாது, சட்டம். முன் கதிரையில் நாலு தரிப்பிடம் சும்மா இருந்துவிட்டு இறங்கினேன். இறங்கும்போது கண்ணாடிக்குள்ளால் ஒரு பார்வை பார்த்தாள். இன்றைக்கு அது போதும்.

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல காற்று. பூசை முடிந்து தேத்தண்ணி நேரத்தில் ஸ்டெல்லா அக்காவின் அறிவித்தல். செபக்குழுத் தலைவி. ஒலிவாங்கி இல்லாமலே மனோர் பார்க் வட்டாரம் முழுக்கக் கேட்கும் குரல்.

"முப்பத்தோராம் தேதி பின்னேரம் அஞ்சு மணிக்கு, போன வருசம் மாதிரியே, மண்டபத்தில புனிதர் விழா. பேய், பிசாசு, மண்டையோடு எண்டு ஒருத்தரும் வரப்படாது! பிள்ளையள் எல்லாம் புனிதர் உடுப்பில வரவேணும். அந்தந்தப் புனிதருக்குரிய சாமானையும் கொண்டு வரலாம். இராயப்பருக்கு மோட்சக் கதவின்ர திறப்பு, அந்தோனியாருக்கு லீலிப்பூ, அப்பிடி."

எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. ஷ. குனிந்து பணிஸைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், எதுவும் நடக்காத முகம்.

றெ.யைத் தனியாகக் கேட்டேன், முகமூடியை நிற்பாட்டவா என்று.

"செய்யுங்கோ. மண்டபத்துக்கு வேண்டாம், றோட்டிலை போடட்டும். வாயைத் திறந்து ஒண்டு கேட்டிருக்கிறாள். எத்தினை நாளைக்குப் பிறகு எண்டு உங்களுக்குத் தெரியாது."

வெளியே வரும்போது பின்னால் இரண்டு குரல். "வயசு போன காலத்தில மாப்பிள்ளைக் கோலம்." "பாவம், தனியாள்." எது கூடச் சுட்டது? பாவம் என்றதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை, கொட்டில் கூரையில் தடதட. பிளாஸ்டர் நாள்.

பாணுக்கு மாவுக்குள் தண்ணி. இதற்குத் தண்ணிக்குள் மா. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும், கிளறக் கூடாது, மேலே சின்னத் தீவு மாதிரி நிற்கும்வரை. பிறகு மெல்லக் கையால். கட்டி இல்லாமல் கரைத்தேன். அந்த வெள்ளைக்காரப் பெடியன் என் கரைசலைப் பார்த்தால் கைதட்டுவான்.

அப்பி முடிந்து கையை வைத்துப் பார்த்தால் சூடு! அடுப்பில்லாமல் தானாகச் சுடுகிற மா. இருபத்தொரு வருடம் போறணை முன்னால் நின்றவனுக்கு இது பெரிய புதினம். றெ.க்குப் போன் பண்ணிச் சொன்னேன். "இதைச் சொல்லவோ எடுத்தனீங்கள்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான்.

முன்பாதி, பின்பாதி இரண்டும் இறுகிவிட்டது. நாளைக்குப் பிரிப்பது.

அக்டோபர் 17, வெள்ளி

குளிர் தொடங்கிவிட்டது. அச்சு மூன்று நாளாக அறை ஹீட்டரில் சாய்ந்து காய்கிறது. உள்ளே பார்த்தால் பேயின் முகம் மறுவளமாக. நான் நடக்க நடக்க அதுவும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. உடுப்பு மாற்றக் கூச்சம்.

இன்றைக்கு இரண்டு பாதிக்கும் தேங்காயெண்ணெய் வடிவாகப் பூசினேன். கொம்பு நுனி, மூக்குத் துவாரம், பல்லிடுக்கு எல்லாம் விரல் விட்டு. எண்ணெய் பூசாத தட்டில் நான் வாழ்க்கையில் எதையும் ஊற்றியதில்லை. வீடியோப் பெடியன் இதைச் சொல்லவே இல்லை. மறந்திருப்பான். வயது காணாது.

அக்டோபர் 18, சனி

யன்னலெல்லாம் திறந்து வைத்தும் கண் எரிகிறது. றப்பர்ப் பால் பார்க்கப் பசும்பால், மணம் கழிப்பறை கழுவுகிற மருந்து.

இரண்டு பாதியையும் சேர்த்து பெல்ட்டால் இறுக்கி, பாலை ஊற்றி, ஆட்டி, மேலும் கீழும் உருட்டி, வைத்தேன். ஒரு மணித்தியாலம். பிறகு வடித்தேன். ஊற்றியது அவ்வளவும் திரும்பி வாளிக்குள் வந்த மாதிரி இருந்தது. அப்படித்தான் வருமாக்கும்.

நாளைக்கு உரிக்கலாம். ஷ.வுக்கு "நாளை பேய் பிறக்கும்" என்று செய்தி. தாயின் போனிலிருந்து ஒரு கைதட்டல் படம் வந்தது. அவள் அனுப்பியதா, தாயா? இதையே யோசித்துக்கொண்டு சோறு அடிப்பிடித்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

எல்லாம் நாசம்.

பூசைக்கு முன் அச்சைத் திறந்தேன். முகமூடி இல்லை. பிசின். அங்கங்கே ஒரு தோல், தொட்டால் விரலோடு வருகிறது, ஈரப் பப்படம் மாதிரி. கொம்பு இரண்டும் அச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. மூக்கு மட்டும் முழுசாக வந்தது. என் மூக்கு.

பூசைக்குப் போகவில்லை. தடிமன் காய்ச்சல் என்று பொய் செய்தி அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமையில். கட்டிலில் கிடந்தேன். ஒரு பிள்ளை ஒன்று கேட்டது, அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் ஒரு குடும்பத்துக்குள் போய் என்னத்தைக் கிழிக்கப் போகிறேன்? இதைத்தான் நாள் முழுக்க நினைத்தேன். முகமூடிக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே வெட்கம்.

அக்டோபர் 20, திங்கள்

பொருள் வாங்கிய கடைக்குப் போன். வயது போன குரல், பொறுமையான மனிதர். எல்லாம் கேட்டுவிட்டு, "எண்ணெய் ஏதும் பூசினீரா?" என்றார். ஓம் என்றேன், பெருமையாக.

விசயம் இதுதான். காய்ந்த பிளாஸ்டர் றப்பர்ப் பாலிலுள்ள தண்ணியைக் குடிக்கும். குடித்தால்தான் றப்பர் சுவரில் படியும். எண்ணெய் அதன் வாயை அடைத்துவிடும். அதோடு எண்ணெய் றப்பரைத் தின்னும். அச்சிலும் ஊறியிருக்கும், இனி அதை எறிய வேண்டியதுதான். பெடியன் மறக்கவில்லை. எனக்குத்தான் வாய்க்கொழுப்பு.

நான் செய்கிற எல்லாவற்றிலும் எண்ணெய்தான் காப்பாற்றும். இங்கே அதுவே கொன்றுபோட்டது.

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று றெ.க்குப் போன் எடுத்தேன். நாலரைக்குப் பள்ளிக்கூட உடுப்போடேயே மகளைக் கூட்டி வந்தாள். கொட்டிலில் அந்தப் பிசினைக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன்.

ஷ. ஒரு தோலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் அந்தப் பிள்ளையின் பல்லையே இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தேங்காயெண்ணெயோ? பேய்க்குத் தலைக்கு எண்ணெய் வைச்சனீங்களோ!"

பிறகு அச்சை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "ஏன் இது இவ்வளவு சின்னன்?"

"உங்கட தலை அளவுதானே. அம்பத்திமூண்டு."

"எனக்கில்லை. உங்களுக்கு!"

தாயும் நானும் ஒரே நேரத்தில் "என்ன?" என்றோம்.

அப்போதுதான் வெளியே வந்தது. விழாவுக்கு அவள் மிக்கேல் சம்மனசாம், பேயை வென்ற வானதூதர். செட்டை, வாள் எல்லாம் அட்டையில் ஒளித்துச் செய்துகொண்டிருக்கிறாள். மிக்கேல் சுரூபம் எங்கே பார்த்தாலும் காலுக்குக் கீழே ஒரு பேய் கிடக்கும், மீசையோடு. ஸ்டெல்லா ஆன்ரியே சொன்னாவாம், அந்தந்தப் புனிதரின் சாமானைக் கொண்டு வரலாம் என்று. மிக்கேலின் சாமான் பேய்.

"அதுக்கு ஆராவது கீழை கிடக்கவேணும். பெரிய ஆள். உண்மையா."

எனக்கு என்ன நினைவு வந்தது? மண்டபம். ஊர்ச்சனம் முந்நூறு பேர். மாப்பிள்ளைக் கோலம், பாவம் தனியாள். அதற்கு நடுவில் நான் குப்புற, ஒரு சின்னப் பிள்ளையின் காலுக்குக் கீழே, மீசை வைத்த பேயாக.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

சொன்ன கையோடு விளங்கியது. அவள் முகம் திரும்பப் பழைய ஓகே முகமானது. "ஓகே" என்றும் சொன்னாள். றெ. பையை எடுத்தாள்.

நாக்கை அறுத்து எறியலாம் போல.

அக்டோபர் 21, செவ்வாய்

வானிலை பார்க்கவில்லை.

ஒரு தட்டு மீன் பணிஸ் கருக்கினேன். செல்வம் அண்ணை கேட்டார், சொன்னேன். இந்த முறை பகிடி விடவில்லை.

"உரலுக்குள்ளை தலையைக் குடுத்திட்டு உலக்கைக்குப் பயப்பிடுறீரே. சனம் என்ன சொல்லும் எண்டு பாத்துப் பாத்துத்தானே இவ்வளவு காலமும் தனிய இருந்தனீர். சனம் வந்து உமக்கு ஒரு நாள் சோறு போட்டதோ?"

கேக் அளக்கிற நாடாவால் என் தலையைச் சுற்றிப் பிடித்தேன். அங்கேயே, மாக் கையோடு, றெ.க்குச் செய்தி: "ஷரோனிட்டைச் சொல்லுங்கோ. பேயின்ர தலை அளவு 58."

பள்ளி விடும்வரை பதிலில்லை. மூன்றே முக்காலுக்கு ஒரு குரல் செய்தி. பிள்ளையின் குரல், தமிழில்!

"ஐம்பத்தெட்டு காணும் அங்கிள். கொம்பு பெரிசா வேணும். எண்ணெய் வைக்க வேண்டாம்."

பதினொரு தரம் கேட்டேன்.

இதையும் எழுதி வைக்க வேண்டும்: சின்ன முகமூடி சரியாக வந்திருந்தால் அது இன்றைக்கு ஒருவருக்கும் உதவாத பொருள். எண்ணெய் போட்டது நல்லதாப் போச்சு. ஆனால் இதை அந்தக் கடைக்காரருக்குச் சொல்லமாட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

மழை விட்டு விட்டு. நேற்றுக் களிமண், பெரிய சட்டியில். இன்றைக்குப் பிளாஸ்டர். இரண்டாம் தரம் கை தானாகப் போகிறது. புதுக் கொம்பு ஒவ்வொன்றும் ஒரு முழு றோல்ஸ் அளவு.

காய நாள் காணாது என்பதுதான் பிரச்சினை. ஹீட்டரில் வைத்தால் ஐந்து நாள். செல்வம் அண்ணையிடம் போறணைக்குள் வைக்கலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"பாண் வேகிற இடத்தில பேயோ? விசரோ உமக்கு!" கத்திவிட்டு, கொஞ்சம் கழித்து, "போறணைக்குப் பின்சுவர் வெளியாலை எப்பவும் சூடுதானே. முத்தத்துப் பக்கம். அங்கை சாத்தி வையும். மேலை தகரம் ஒண்டு போடும், மழை படாமல்."

நல்ல மனிதர். வாய்தான் அப்படி.

அக்டோபர் 26, ஞாயிறு

மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. எனக்குச் சும்மா கிடைத்த ஒரு மணித்தியாலம். பேக்கரி முற்றத்தில் அச்சைத் திருப்பித் திருப்பிக் காயவைத்துச் செலவழித்தேன். தட்டிப் பார்த்தால் கணீரென்கிறது. காய்ந்துவிட்டது.

பூசையில் ஷ. தாய்க்கும் எனக்கும் நடுவில் இருந்தாள். இதுவரை தாய்தான் நடுவில். சமாதானம் சொல்லும் நேரம் கை தந்தாள், பிறகு காதுக்குள்: "உங்களுக்கு முதுகு வருத்தம் இருக்கோ?"

"இல்லை." (இருக்கிறது.)

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று ஊற்றினேன். எண்ணெய்ப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஊற்றினேன். கை நம்பிக்கையில்லை.

இன்று பின்னேரம் திறப்பு. றெ.க்கு ஓய்வு, பள்ளிக்கும் விடுமுறை. இருவரும் வந்தார்கள். அச்சின் பின்பாதி லேசாக வந்தது. ஷ. முகப்பவுடர் தூவ, நான் ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க, றெ. அச்சைப் பிடிக்க. கழுத்து வந்தது. தாடை. பல்லு நாலும். மூக்கு. கொம்பில் கொஞ்சம் அடம்பிடித்தது. "மெல்ல, மெல்ல" மூன்று பேரும். பொளக் என்று வந்தது.

முழுசாக! ஒரு கிழிசல் இல்லை. கையில் தொங்குகிற மஞ்சள் தோல், அடிக்கடி தானாக ஆடிக்கொண்டு. அருவருப்பு. அவ்வளவு வடிவு.

ஷ. துள்ளினாள். பவுடர் எல்லார் தலையிலும். றெ. சிரித்துச் சிரித்துத் தும்மினாள். நான் பேயின் மூக்கிலிருந்த பவுடரைத் தட்டிவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

பெயின்ற். சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. மீசை: பேக்கரியில் கழித்துப்போட்ட பழைய பிரஷ் மயிர், றப்பர்ப் பாலாலேயே ஒட்டினேன். கண் ஓட்டை வெட்டும்போது கொஞ்சம் கீழே போய்விட்டது. போட்டால் நிலம்தான் தெரியும். கிடக்கப் போகிறவனுக்கு அது காணும்.

போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தேன். பயந்தே போனேன்.

நாளைக்கு அரைநாள் லீவு சொல்லியாச்சு. செல்வம் அண்ணை: "விழுந்து கும்பிடாமல் விழுந்து கிடக்கப் போறீர். போட்டு வாரும்."

அக்டோபர் 31, வெள்ளி

றோட்டெல்லாம் சின்னச் சின்னச் சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், பூசணி விளக்கு. நான் மட்டும் பேயைப் பையில் ஒளித்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு. றெ.க்குப் பின்னேர ஷிப்ட், முடிந்ததும் வருவாள். ஷ.வைக் கூட்டிப் போனது நான். தனியாக இருவரும் போவது இதுதான் முதல் தரம்.

வாசலில் முகமூடியைப் போட்டேன். ஸ்டெல்லா அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றா.

"ஆரது? தாசனோ? உமக்குப் புத்தி எங்கை போச்சு? எல்லாருக்கும் கேக்கச் சொன்னனான் எல்லோ, பேய் வரப்படாதெண்டு!"

நான் திரும்பிப் போகப் பார்த்தேன். ஷ. கையைப் பிடித்து நிறுத்தினாள். வெள்ளை உடுப்பு, அட்டைச் செட்டை, வாளில் வெள்ளித் தாள். நாடி நிமிர்த்திச் சொன்னாள், தமிழில்:

"ஆன்ரி, இராயப்பருக்குத் திறப்பு. எனக்கு இவர். இது என்ர சாமான்."

உள்ளேயிருந்து பங்குச் சுவாமி எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்தார். "பேயில்லாமல் நிண்டால் அது மிக்கேல் எண்டு ஆருக்குத் தெரியும்? விடுங்கோ ஸ்டெல்லா."

விட்டா. வாயை மூடிக்கொண்டு, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு.

எங்கள் முறை வந்தது. மேடைக்கு முன்னால் குப்புறக் கிடந்தேன். குளிர் நிலம். முதுகில் கால் வைத்தாள். இடதா வலதா என்று யோசித்து, மாற்றி வைத்தாள். சப்பாத்து வடிவாகத் துடைத்திருந்தாள், மண் படவில்லை. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாரும். கைதட்டல்.

எனக்குத் தெரிந்தது சப்பாத்துகள் மட்டும். மூச்சு முட்டியது, வேர்வை கண்ணுக்குள். மேலே குரல்கள்.

"ஆர் அது கீழை?"

"பேக்கரித் தாசன்."

"எந்தத் தாசன்?"

"றெஜினான்ர தாசன்."

நான் பயந்துகொண்டிருந்தது இந்தக் கதைக்குத்தான். காதில் விழுந்தபோது தேன் மாதிரி இருந்தது. றப்பருக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தேன், ஒருவருக்கும் தெரியாமல்.

"அங்கிள்," ஷ. குனிந்து மெல்ல, "நோகுதோ?"

"இல்லை. இன்னும் அழுத்தி நில்லுங்கோ."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து அவசரமாக முன்னுக்கு வந்து நின்றது. பஸ் ஓட்டுகிற சப்பாத்து, எனக்குத் தெரியும். அப்படியே நின்றது. நெடுநேரம் அசையவில்லை.

பரிசு ஷ.வுக்கில்லை, திறப்போடு வந்த குட்டி இராயப்பருக்கு. ஷ. கவலைப்படவில்லை. வீடு போகும்வரை முகமூடியைத் தானே கையில் காவினாள்.

நவம்பர் 2, ஞாயிறு

காலை வெயில், பனி. ஆன்மாக்கள் திருநாள். பூசை முடிந்து நான் வீட்டுக்கு வெளிக்கிட்டேன். இன்றைக்குத் தாயும் மகளும் தகப்பனின் கல்லறைக்குப் போகும் நாள். அது அவர்களுடைய நேரம். அங்கே எனக்கு வேலையில்லை என்று தெரியும்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது பின்னால் ஓடி வந்தாள் ஷ. மூச்சு வாங்க. "அம்மா கேட்கச் சொல்லேல்லை. நான்தான் கேட்கிறன். நீங்களும் வாறீங்களோ?"

போனேன். கை வெறுங்கை. வழியில் செவ்வந்திப் பூ வாங்கினேன்.

கல்லில் சருகு. றெ. கையால் தள்ளித் துடைத்து, மெழுகுதிரி கொளுத்தினாள். காற்றுக்கு நிற்கவில்லை. நான் கோட்டை விரித்து மறைத்தேன். நின்றது. மூவரும் ஒரு கர்த்தர் கற்பித்த செபம். றெ. அழுதாள், ஒளிக்கவில்லை.

பிறகு ஷ. என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து முன்னுக்கு நிறுத்தினாள். கல்லைப் பார்த்துச் சொன்னாள். தகப்பனோடு தமிழில்தான் கதைப்பாளாம், அது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"அப்பா, இவர் தாசன் அங்கிள். என்ர பேய்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் ஏதாவது சொல்லுங்கோ."

"வணக்கம் அண்ணை" என்றேன்.